வெயிலில் காய்ந்த பெட்டி தண்ணீர் குடிக்கும்

பெட்டியின் நான்கு திருகுகளையும் கழற்றி மேசைமேல் கவிழ்த்தபோது ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர் வழிந்தது. சர்க்யூட் போர்டின் செப்புத் தடங்களில் ஓரமாகப் பச்சை பூத்திருந்தது. பேட்டரிக் கம்பி பற்றவைத்த இடத்தில் வெள்ளைப் பொடி. எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் தண்ணீர் அல்ல. அதே பெட்டியை அதற்கு முந்தைய வாரம் ஓர் இரவு முழுக்க வாளித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துச் சோதித்திருந்தேன். காலையில் எடுத்தபோது உள்ளே எலும்புபோல் காய்ந்திருந்தது.

வாளியில் நுழையாத தண்ணீர், முழங்கால் ஆழக் கடலில் எப்படி நுழைந்தது? இதற்கு விடை தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. விடைக்கு வருவதற்கு முன்னால், இந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரின் ஒலியைக் கம்பியில்லாமல் ஹெட்போனுக்கு அனுப்பும் பெட்டி இது.

மெட்டல் டிடெக்டரைப் புதிதாக வாங்குபவர்கள் அதன் திரையைத்தான் பார்ப்பார்கள். திரையில் எண் வரும், படம் வரும். ஆறு மாதம் கையில் வைத்திருந்தவர்கள் திரையைப் பார்ப்பதைக் குறைத்துவிடுவார்கள். காதுதான் வேலை செய்யும். வட்டமான நாணயத்தின் மேல் டிடெக்டரின் அடிமுனையிலுள்ள சுருள் கடந்தால் ஒலி வழவழப்பாக எழுந்து வழவழப்பாக அடங்கும். துருப்பிடித்த ஆணியின் மேல் போனால் ஒலி கிழிந்து வரும். ஓரங்களில் பிசிறு தட்டும். இந்த வித்தியாசத்தை எந்த எண்ணும் சொல்வதில்லை. காற்றும் அலையும் இரையும் இடத்தில் இந்தப் பிசிறைக் கேட்க ஹெட்போன் வேண்டும். ஹெட்போன் என்றால் கம்பி. குனிந்து மண்ணைத் தோண்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுருட்டைக் கம்பி தலையைப் பிடித்து இழுக்கும், புதரில் மாட்டும், மண்வெட்டிக்கும் முழங்காலுக்கும் இடையில் சிக்கும். இரண்டு முறை நானே அதை மிதித்து, டிடெக்டரின் செருகுமுனையை வளைத்திருக்கிறேன்.

கம்பியை ஒழிக்க புளூடூத் போதுமே என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சாதாரண புளூடூத் ஒலி காதுக்கு வந்து சேர ஏறத்தாழ 200 மில்லிவினாடி தாமதமாகும். பாட்டுக் கேட்பவருக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் சுருளை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுகிறவருக்கு, ஒலி கேட்கும் நேரத்தில் சுருள் பொருளைத் தாண்டி 20 சென்டிமீட்டர் போயிருக்கும். இடமிருந்து வலம் வீசினால் பொருள் வலப்பக்கம் இருப்பதுபோல் தோன்றும். வலமிருந்து இடம் வந்தால் இடப்பக்கம். நடுவில் தோண்டுவதா, இரண்டு குழி தோண்டுவதா? டிடெக்டர் நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகளில் தாமதம் 20 மில்லிவினாடிக்கும் கீழே இருக்கும். சுருள் இரண்டு சென்டிமீட்டர்கூட நகராது. ஆனால் என் பழைய டிடெக்டரில் அந்த வசதி இல்லை. எனவே கிட்டார் வாசிப்பவர்கள் பயன்படுத்தும் குறைதாமதக் கம்பியில்லா அனுப்பி ஒன்றையும் அதன் ரிசீவரையும் பிரித்து, வேறு பேட்டரி, சார்ஜிங் போர்டு, ஒலிச் செருகி எல்லாம் வைத்து நானே சேர்த்துக்கொண்டேன். ஒரே இரவில் முடிந்த வேலை. பெட்டிக்குத்தான் ஐந்து மாதம்.

முதல் பெட்டி ஒரு சோப்பு டப்பா. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூடி நடக்கும்போதே திறந்துகொண்டது. இரண்டாவது தகர டப்பா. உறுதியாக இருந்தது, கையில் பிடிக்க நன்றாக இருந்தது, மூடியை அழுத்தியதும் ஒலி நின்றது. நான்கு பக்கமும் உலோகம் சூழ்ந்தால் மின்காந்த அலை உள்ளே வராது, வெளியே போகாது. உலோகக் கூண்டு வெளியிலுள்ள மின்சாரத்தின் பாதிப்பை உள்ளே விடாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இல் ஓர் அறையளவு கூண்டு கட்டியே காட்டிவிட்டார். பள்ளியில் அதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன்தான் நான். தெரிந்த விஷயம் கைக்கு வந்து சேர இன்னொரு பள்ளிக்கூடம் வேண்டியிருக்கிறது. ஆன்டெனாவை மட்டும் ஓட்டை வழியே வெளியே விட்டுப் பார்த்தேன். முதல் நாளே முள்வேலியில் மாட்டி ஒடிந்தது.

மூன்றாவது 3டி பிரிண்டரில் வார்த்தது. அழகில் அதுதான் சிறந்தது. மூலைகள் வளைந்து, டிடெக்டரின் தண்டைப் பற்றிக்கொள்ள ஒரு தாடை, என் பெயரின் முதலெழுத்துகூட வைத்திருந்தேன். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும் என்பது வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பெட்டியை மறந்துவிட்டு வந்த அன்று தெரிந்தது. மூடி காய்ந்த ஓலைபோல் சுருண்டிருந்தது. பிறகு 80 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தேன். அது வளையவில்லை. ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரை 3டி பிரிண்டர் வார்ப்பது சுவரல்ல, அடுக்கிய கயிறு. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் மயிரிழை வழிகள் இருக்கும். உள்பக்கம் முழுக்க எபாக்சி பசை பூசி அதை அடைக்கலாம். செய்தேன். மூடி உட்காரும் விளிம்பில் எபாக்சி மேடுபள்ளமாக உறைந்து, வாஷர் ஒழுங்காகப் படியவில்லை.

அழகைக் கைவிட்டுத் தயாராகக் கிடைக்கும் சாம்பல் நிற ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினேன். மூடியைச் சுற்றிப் பள்ளம், பள்ளத்தில் சிலிக்கோன் நாடா, நான்கு மூலையிலும் திருகு, பக்கவாட்டில் ஐபி 67 என்ற முத்திரை. இந்த எண்களில் முதல் 6 என்றால் தூசு அறவே நுழையாது, அடுத்த 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கேடு வராது. கம்பி வெளியே வர ஒரு ஓட்டை, ஒலிச் செருகிக்கு இன்னொன்று, சுவிட்சுக்கு மூன்றாவது. துளை போட்ட நிமிடமே அந்த முத்திரைக்கு அர்த்தம் போய்விடுகிறது. அது துளையில்லாத பெட்டிக்குக் கொடுத்தது. ஒவ்வொரு துளையையும் நாம் நம் பொறுப்பில்தான் போடுகிறோம்.

மேசைமேல் தண்ணீர் கவிழ்த்தது இந்தப் பெட்டியைத்தான்.

முதலில் கம்பி நுழையும் இறுக்கியைச் சந்தேகித்தேன். பிஜி 7 அளவு இறுக்கி 3 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள கம்பியைப் பிடிக்கும். என் கம்பி சரியாக 3 மில்லிமீட்டர், அதாவது பிடியின் கடைசி எல்லை. சூடாக்கினால் சுருங்கும் குழாயை இரண்டு சுற்றுப் போட்டு அந்த இடத்தைத் தடிமனாக்கினேன். அடுத்து, சிலிக்கோன் நாடாவில் தலைமுடி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீருக்கு அது பாலம். முடி இல்லை. மறுபடி வாளி. இம்முறை உள்ளே வெறும் துணிக்குப் பதிலாக மெல்லிய காகிதத்தில் மைப்பேனாவால் வரிசையாகப் புள்ளி வைத்துப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூட மையைக் கசியவைக்கும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன. அடுத்த வாரம் கடற்கரைக்கு எடுத்துப் போனேன். திரும்பி வந்து திறந்தால் புள்ளியெல்லாம் நீலக் குளம்.

அந்த நாளை நிமிடம் நிமிடமாக நினைவுபடுத்திக்கொண்டேன். மணலில் ஒரு மணி நேரம் அலைந்தேன். வெயில் நேராக விழுந்தது. பிறகு டிடெக்டரைக் கிடத்திவிட்டு ஒரு பிடிவாதமான குழியை அரை மணி நேரம் தோண்டினேன். கிடைத்தது மூடித் திறப்பான். சுருளில் அப்பிய மணலைக் கழுவ நேராகத் தண்ணீருக்குள் இறங்கினேன். அலை ஒன்று பெட்டியை மூழ்கடித்துவிட்டுப் போனது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் இருக்காது.

வாளி எப்போதும் நிழலில் இருந்தது. பெட்டியும் வாளித் தண்ணீரும் ஒரே வெப்பநிலை.

அன்றிரவு தாளில் கணக்குப் போட்டேன். வெயிலில் கிடந்த சாம்பல் நிறப் பெட்டிக்குள் காற்று 50 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கடல் நீர் 20 டிகிரி. தனி வெப்பநிலைக் கணக்கில் 323 கெல்வின் 293 ஆகிறது. பூட்டிய பெட்டிக்குள் கனஅளவு மாறாததால் அழுத்தம் அதே விகிதத்தில், ஏறத்தாழ 9 சதவீதம் குறைய வேண்டும். வளிமண்டல அழுத்தத்தில் 9 சதவீதம் என்றால் சுமார் 9 கிலோபாஸ்கல். 90 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அவ்வளவுதான். அதாவது நான் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தேன், பெட்டி மட்டும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெயிலில் நடந்தவன் நிழலில் செம்பைத் தூக்கிக் குடிப்பதுபோல.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஐபி முத்திரைக்கு அடிப்படையான ஐஇசி 60529 தரநிலையைத் தேடிப் படித்தேன். அந்த மூழ்கல் சோதனையில் தண்ணீரின் வெப்பநிலை கருவியின் வெப்பநிலையிலிருந்து 5 கெல்வினுக்கு மேல் வேறுபடக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சோதனைக்கூடத்துக்கு அது நியாயமான விதி. எல்லாப் பெட்டியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் அல்லவா? ஆனால் என் பெட்டி செத்தது சரியாக அந்த விதி ஒதுக்கிவைத்த இடத்தில்தான்.

பெட்டியின் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவும் இதே கணக்கைத் தலைகீழாக்கலாம். மின்பொருள்களையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, குளிர்ந்த வெறும் பெட்டியை மூடி, கை பொறுக்கும் வெந்நீரில் அமுக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேற வழி தேடும். வழி இருக்கும் இடத்தில் குமிழி வரிசையாக ஏறும். எனக்கு மூடியிலிருந்தோ இறுக்கியிலிருந்தோ ஒரு குமிழிகூட வரவில்லை. ஒலிச் செருகியின் நடுவிலிருந்து சங்கிலிபோல் வந்தது. மரையைச் சுற்றி நான் அக்கறையோடு அடைத்திருந்தேன். செருகியின் உடம்பே உள்ளே பொள்ளல் என்பதை நினைக்கவில்லை. வாளியின் அமைதியான தண்ணீருக்கு அந்தச் சின்னத் துவாரத்தில் புக விருப்பமில்லை. பின்னாலிருந்து ஒன்று இழுத்தால் புகுந்துவிடுகிறது.

செருகியைப் பிடுங்கி எறிந்தேன். டிடெக்டரிலிருந்து வரும் ஒலிக் கம்பியை நேராகப் பெட்டிக்குள் விட்டுப் பற்றவைத்தேன். கழற்ற வேண்டுமென்றால் மறுமுனையைக் கழற்றலாமே. இங்கே ஒரு எச்சரிக்கை. துளையை அடைக்க நான் முதலில் எடுத்தது குளியலறை மூலைகளில் பூசும் சிலிக்கோன். உறையும்போது வினிகர் வாசம் அடிக்கும். அந்த வாசம் அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் அது செப்பைத் தின்னும். முதல் பலகையில் பூத்த பச்சையில் கடல்நீருக்கு எவ்வளவு பங்கு, என் சிலிக்கோனுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வாசமில்லாமல் உறையும் நடுநிலை சிலிக்கோன் கிடைக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் காற்றுப்புகா டப்பாக்களில் பல பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் எபாக்சியும் ஒட்டாது, சிலிக்கோனும் ஒட்டாது. காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். ஏபிஎஸ் அப்படியல்ல.

கசிவை அடைத்தாலும் உறிஞ்சல் நிற்காது. அது அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகும். வெயில், தண்ணீர், வெயில், தண்ணீர் என்று மாறி மாறிச் சிலிக்கோன் நாடாவை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். பெட்டியை இன்னும் இறுக்கமாக மூடுவதுதான் பாதுகாப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது. காற்று போய்வர ஒரு வழி விட வேண்டும், தண்ணீருக்கு அது வழியாக இருக்கக் கூடாது.

அப்படி ஒரு பொருள் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் தண்டுகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்து, அவை அறுந்து அறுந்து போக, வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அறுவதற்குப் பதிலாக அது பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பஞ்சுபோல் ஆனது. மழையங்கிகளில் இருக்கும் சவ்வு அதுதான். அதே சவ்வு, பின்பக்கம் பசையோடு, சட்டைப் பொத்தான் அளவு வட்டங்களாகக் கிடைக்கிறது. பெட்டியின் அடிப்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு உள்ளிருந்து ஒட்டினேன். காற்று சில வினாடிகளில் சமனாகிவிடும், துளித் தண்ணீர் துளைகளில் நுழையாது. மேலே வைத்தால் மண்ணும் உப்பும் படிந்து அடைத்துவிடும், எனவே அடியில்தான் வைக்க வேண்டும். இன்னொன்று: ஒருமுறை பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி அந்தச் சவ்வைக் கெடுத்தேன். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் அது துளைகளுக்குள் ஊடுருவிவிடும். இப்போது வெறும் தண்ணீர் மட்டும்.

முழுவதும் மூழ்கிய நிலையில் சவ்வு முழுக்கத் தண்ணீரால் சூழப்பட்டிருக்கும்போது உள்ளே இழுக்கக் காற்றே இல்லை, அப்போது உறிஞ்சல் திரும்ப வரும் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். அதனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் பெட்டியின்மேல் ஈரத் துணியைப் போட்டுச் சில நிமிடம் ஆறவிடுகிறேன். எப்படியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. பெட்டி மூழ்கினால் ஒலியும் போய்விடும். அலையிலிருந்து தப்பிப் பிழைத்தால் போதும், நீர்மூழ்கியாக அது இருக்க வேண்டியதில்லை.

சுவிட்சுக்கும் துளை வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெட்டியின் உள்சுவரில் ஒரு ரீட் சுவிட்ச், வெளியே நகர்த்தும் காந்தம். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்பு-நிக்கல் தகடுகள், காந்தம் வந்தால் ஒட்டும், போனால் பிரியும். என் முதல் ரீட் சுவிட்ச் ஒட்டியதோடு சரி, பிரியவே இல்லை. அனுப்பியின் மின்தேக்கிகள் முதல் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் அந்தத் தகடுகளைப் பற்றவைத்துவிட்டது. இப்போது ரீட் சுவிட்ச், மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுக்கு ஜாடை காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது, பாரத்தை மாஸ்ஃபெட் தூக்குகிறது.

பெட்டியைத் தண்டில் எங்கே கட்டுவது என்பதிலும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். கம்பி நீளத்தை மிச்சம் பிடிக்க, சுருளுக்கு ஒன்றரைச் சாண் மேலே கட்டினேன். டிடெக்டர் ஓயாமல் முனகியது. பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி, 18650 என்ற வகை லித்தியம் செல். அதன் வெளிக்கூடு எஃகு. ஆடாமல் அசையாமல் இருந்தால் டிடெக்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வீசும்போது தண்டு வளைகிறது, சுருளுக்கும் செல்லுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு வீச்சிலும் மாறுகிறது. இந்தத் தவறுக்கு வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய துணை உண்டு. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு சுருள் கருவியோடு வந்தார். அறிகுறியைக் கேட்கத் தன் தொலைபேசியின் ரிசீவரையே காதில் வைத்துக்கொண்டார். அந்தக் கருவிக்கும் காதுதான் திரை. குண்டு கிடைக்கவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான இன்னொரு மெத்தை இருந்தது என்பது பிறகுதான் பெல்லுக்குத் தெரிந்தது. மருத்துவர் ஒரு பக்கத்தை மட்டும் தேட அனுமதித்ததும் இன்னொரு காரணம். நான் பெட்டியைக் கை தாங்கும் இடத்துக்கு, சுருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கொண்டுபோனதும் முனகல் நின்றது. தண்டு கார்பன் இழையாக இருந்தால் அது மின்கடத்தி, ஆன்டெனாவை அதை ஒட்டி வைக்கக் கூடாது. பெட்டிக்குள் பேட்டரியைத் தண்டின் பக்கமும் ஆன்டெனாவை வெளிப்பக்கமும் வைத்தேன். ஆன்டெனாவின் நீளம் கால் அலைநீளம், அதாவது 31 மில்லிமீட்டர்தான் என்பதால் அதற்கு இடம் ஒதுக்குவது கஷ்டமில்லை.

ரிசீவர் தனிக் கதை, ஆனால் சின்னக் கதை. அதற்கு ஹெட்போன் செருகி இல்லாமல் முடியாது, எனவே தண்ணீர் புகாத பெட்டி என்ற ஆசையையே விட்டுவிட்டேன். செருகி கீழ்நோக்கி இருக்கும்படி, அதன்மேல் ஒரு சின்னக் கூரை, அவ்வளவுதான். சட்டைப் பையில் வைத்தால் உடம்பைத் திருப்பும்போது ஒலி விட்டுவிட்டு வரும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அந்த அலைக்கு நாம் ஒரு சுவர். தோள்பட்டைக்கு மாற்றியதும் சரியானது.

பெட்டியைச் சார்ஜ் செய்ய இன்னமும் மூடியைத் திறக்கிறேன். சார்ஜிங் துவாரம் வைத்தால் அது இன்னொரு துளை. களைத்து வந்த மாலையில் நான்கு திருகு கழற்றுவது எரிச்சல்தான், ஆனால் அந்த எரிச்சலில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு முறையும் உள்ளே பார்க்கிறேன், நாடாவைத் துடைக்கிறேன். வெயிலில் காய்ந்த செல்லை உடனே சார்ஜில் போடாமல் ஆறவும் விடுகிறேன். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

மைப்புள்ளி வைத்த காகிதத்தை உள்ளேயிருந்து எடுக்கவில்லை. நேற்று ஐந்து மணி நேரம் தண்ணீரிலும் மணலிலும் அலைந்துவிட்டு வந்து திறந்தேன். பதினாறு புள்ளிகளும் கூர்மையாக இருந்தன. ஹெட்போனின் காது மெத்தை மட்டும் பிய்ந்து கையோடு வந்துவிட்டது.